அக்காவின் இடது கையும் இரும்புத் தூளும்

என் அக்காவின் ரவிக்கையில் இரண்டு கைகளும் ஒரே அளவில் இருக்காது. இடது கையை ஒன்றரை அங்குலம் லூசாகத் தைக்க வேண்டும். முப்பது வருடமாக ஒரே தையற்காரர் என்பதால் அவரிடம் அளவு சொல்ல வேண்டியதில்லை. துணியைப் பார்த்ததுமே, "பெரியம்மாவுக்குத்தானே?" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

1994-ல் அக்காவுக்கு இடது மார்பில் புற்று. நகரத்து மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. மார்போடு சேர்த்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அந்த முடிச்சுகள்தான். பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எடுத்த முடிச்சுகள் 17, புற்று இருந்த முடிச்சுகள் 0. அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம், சந்தோஷத்தில். பரவவில்லை என்றால் பிழைத்தாள் என்று அர்த்தம். பிழைத்தும்விட்டாள், இன்று அவளுக்கு வயது 81.

ஆனால் மறு வருடம் கை வீங்க ஆரம்பித்தது. வடிகால்களை அடைத்துவிட்டால் தண்ணீர் தெருவில்தானே நிற்கும்! அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, வளையல் ஏறாது, தோசைக்கல் சுட்டால்கூட ஒரு வாரம் காய்ச்சல். மருத்துவர்கள் மேல் குறை சொல்லவில்லை. அன்றைக்கு உலகம் முழுவதும் அதுதான் முறை. முடிச்சுக்குள் புற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதை வெளியே எடுத்துப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இருக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் காலை நடைக் குழுவின் வாட்ஸ்அப். காந்த வளையல் போட்டால் புற்றுநோய் போகும் என்று ஒரு செய்தி சுற்றியது. "நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே சார், உண்மையா?" என்றார் ஒரு நண்பர். வளையல் சுத்தப் பொய். ஆனால் காந்தத்துக்கும் புற்றுநோய் வைத்தியத்துக்கும் உண்மையாகவே ஒரு சரித்திரம் உண்டு. 31 வருடம் காந்தவியல் நடத்திய எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் அது தெரியவந்தது.

உடம்பில் காந்தத்தைப் பயன்படுத்தும் எண்ணம் பழையது. சுசுருதர் தம் நூலில், உடம்பில் தைத்த இரும்பு முனையை வெளியே எடுக்கும் வழிகளில் ஒன்றாகக் காந்தக் கல்லைச் சொல்கிறார். 1624-ல் சுவிட்சர்லாந்தில் ஃபாப்ரி என்ற அறுவை மருத்துவர் ஒருவரின் கண்ணில் தைத்த எஃகுத் துணுக்கை எடுக்க முடியாமல் தவித்தபோது, காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொன்னவர் அவர் மனைவி மரீ கொலினே. துணுக்கு வந்துவிட்டது. கணவரும் மறைக்காமல் அதை எழுதி வைத்தார். நம் விஷயம் இதற்கு நேர் எதிரானது. இங்கே இரும்பை வெளியே எடுப்பதில்லை, உள்ளே அனுப்புகிறார்கள்.

ஏன் அனுப்ப வேண்டும்? முதல் காரணம் சூடு. 1866-ல் ஜெர்மனியின் பான் நகரில் வில்ஹெல்ம் புஷ் என்ற மருத்துவர், முகத்தில் புற்றுக்கட்டி இருந்த ஒரு பெண்ணுக்குத் தோல் அக்கி போன்ற ஒரு தொற்று வந்து கடுங்காய்ச்சல் அடித்த பிறகு கட்டி கரைந்ததைக் கண்டார். 1891-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி, தெரிந்தே நோயாளிகளுக்குக் கிருமியைச் செலுத்திக் காய்ச்சலை வரவழைத்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் காய்ச்சலிலேயே போனார்கள். கட்டி கரைந்ததில் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கே பெரும் பங்கு என்று இன்று சொல்கிறார்கள். இருந்தாலும் புற்றுச் செல்கள் சூட்டுக்கு அஞ்சும் என்ற எண்ணம் மருத்துவர்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. அது தவறும் இல்லை. 42, 43 டிகிரி செல்சியசுக்கு மேல் புற்றுச் செல்கள் தளர்கின்றன, கதிர்வீச்சும் அப்போது கூடுதலாக வேலை செய்கிறது. கஷ்டம் என்னவென்றால், மொத்த உடம்பையும் அவ்வளவு சூடாக்கினால் ஆளுக்கே ஆபத்து. கட்டியை மட்டும் சூடாக்க வேண்டும். எப்படி?

இதற்குப் பதில் சொன்னவர் சிகாகோவின் ஆர்.கே. கில்கிறிஸ்ட். குடல் புற்றுக்குக் கத்தி வைப்பதே அவர் தொழில். குடல் புற்று நிணநீர் வழியாக எப்படிப் பரவுகிறது என்று 1930களிலிருந்தே முடிச்சு முடிச்சாகத் துருவி எழுதியவர். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் கைக்கும் கண்ணுக்கும் தப்பிய ஏதோ ஒரு முடிச்சில் நோய் தங்கிவிடும், ஓரிரு வருடத்தில் ஆள் திரும்பி வருவார். அந்த மனக்குறையில் பிறந்த யோசனை என்றே நான் நினைக்கிறேன். புற்றுச் செல் எந்த வழியாக முடிச்சுக்குப் போகிறதோ, அதே நிணநீர் வழியில் நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் தூளையும் அனுப்பினால் அதுவும் அங்கே போய்த்தானே தங்கும்? பிறகு வெளியிலிருந்து வேகமாகத் திசை மாறும் காந்தப் புலத்தைக் கொடுத்தால் தூள் சூடாகும், முடிச்சு மட்டும் வேகும், சுற்றியுள்ள சதைக்கு ஒன்றும் ஆகாது. தூளின் அளவு 20 முதல் 100 நானோமீட்டர், புலம் வினாடிக்கு 12 லட்சம் முறை திசை மாறுவது. நாய்களிடம் சோதித்து 1957-ல் அறுவை மருத்துவர்களுக்கான இதழில் வெளியிட்டார். நானோ என்ற சொல்லை அன்று யாரும் இந்தத் தொழிலில் பேசவில்லை. நம் தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தூளின் சிறுமை புரியும்.

இன்று பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. அடுப்பில் தீ இல்லை, மேல்கண்ணாடி தானாகச் சுடுவதில்லை, இரும்புப் பாத்திரம் மட்டும் சூடாகிறது. ஏறக்குறைய அதே சங்கதிதான் (பாத்திரத்தில் சுழல் மின்னோட்டமும் சேர்ந்துகொள்ளும், இவ்வளவு சிறிய தூளில் அதற்கு இடமில்லை). திசை மாறும் புலத்தைத் துரத்திக்கொண்டு தூளின் காந்தமும் திரும்பித் திரும்பி மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நூலிழை பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல்தான் சூடாக வெளியாகிறது. பிளஸ் டூ மாணவர்களுக்கு நான் வருடா வருடம் கரும்பலகையில் வரைந்த தயக்க வளையம் இதுதான். 'இந்த வளையத்தின் பரப்பு வீணாகும் ஆற்றலைக் குறிக்கும், மின்மாற்றியில் இது நஷ்டம்' என்று சொல்லித் தேர்வுக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த நஷ்டத்தையே மருந்தாக்க ஒருவர் முயன்றார் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கில்கிறிஸ்டின் யோசனை பல வருடங்கள் தூங்கியது. தூள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டினால் ரத்தக்குழாயை அடைத்துவிடும், அது பெரிய பயம். இதற்கான விடைகள் மருத்துவத்துக்கு வெளியே இருந்தன. பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் (1970-ல் நோபல் பரிசு பெற்றவர்), துகள் மிக மிகச் சிறிதானால் அதன் காந்தம் அறையின் சூட்டிலேயே தலைகீழாகப் புரண்டுகொண்டிருக்கும் என்று கணக்கிட்டிருந்தார். பக்கத்தில் காந்தம் இருந்தால் அதுவும் காந்தம், எடுத்துவிட்டால் வெறும் தூள். ஆகவே தானாகத் திரண்டுகொள்ளாது. 1963-ல் அமெரிக்க நாசாவின் ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, மாக்னடைட்டை நாள்கணக்கில் அரைத்து, ஒலியிக் அமிலம் பூசி, மண்ணெண்ணெயில் கலந்து காந்தத் திரவம் செய்தார். மாக்னடைட் வேறொன்றுமில்லை, சின்ன வயதில் ஆற்று மணலில் காந்தத்தைப் புரட்டியதும் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வருமே, அந்தக் கறுப்புத் தூள். ராக்கெட்டுக்கு அந்தத் திரவம் பயன்படவில்லை. பூச்சுப் பூசினால் தூள் ஒட்டாது என்ற பாடம் மட்டும் மிஞ்சியது.

நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் ஜான் உகெல்ஸ்டாட் என்ற வேதியியல் பேராசிரியர் 1976-ல் எல்லாம் ஒரே அளவான பிளாஸ்டிக் மணிகளைச் செய்தார். விண்வெளியில்தான் அப்படிச் செய்ய முடியும் என்று நாசா நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு அந்த மணிகளின் துளைகளுக்குள் நுண்ணிய இரும்பு ஆக்சைடை நிரப்பினார். 1980களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர்கள், நியூரோபிளாஸ்டோமா என்ற புற்று வந்த குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையை வெளியே எடுத்து, புற்றுச் செல்லை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதம் பூசிய இந்த மணிகளைக் கலந்து, காந்தங்களின் பக்கத்தில் ஓடவிட்டார்கள். புற்றுச் செல்கள் மணியோடு காந்தத்தில் தங்கிவிட, சலித்த மஜ்ஜை குழந்தைக்கே திரும்பிப் போயிற்று. படிக்கும்போதே கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் அமெரிக்காவில் சலித்தும் சலிக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வில், நியூரோபிளாஸ்டோமாவில் சலித்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அந்த மணிகள் வீணாகவில்லை. உலகமெங்கும் பரிசோதனைக் கூடங்களில் செல்களைப் பிரித்தெடுக்க இன்றும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இனி அக்காவின் முடிச்சுகளுக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முடிச்சு தெரியும், ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏறக்குறைய 8, 10 மில்லிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால் சந்தேகப்படுவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு நிறுவனம், சர்க்கரைப் பொருள் பூசிய இரும்பு நுண்துகளை நரம்பு ஊசியாகத் தயாரித்தது. ஊசி போட்டு ஒரு நாள் பொறுத்தால், ஆரோக்கியமான முடிச்சில் உள்ள துப்புரவுச் செல்கள் அந்த இரும்பை விழுங்கிவிடும். ஸ்கேனில் அந்த இடம் கறுத்துப் போகும். புற்று குடியேறிய இடத்தில் துப்புரவுச் செல்கள் இல்லை, அங்கே இரும்பு சேராது, வெள்ளையாகவே நிற்கும். இரும்பு புற்றைத் தேடிப் பிடிக்கவில்லை, புற்று இல்லாத இடத்துக்கெல்லாம் மை பூசிவிட்டது. இந்தத் தந்திரத்தைப் படித்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

2003-ல் பாஸ்டனிலும் நெதர்லாந்தின் நைமேகனிலும் புராஸ்டேட் புற்று இருந்த 80 பேரிடம் சோதித்த முடிவு வெளியானது. 33 பேருக்கு முடிச்சில் பரவியிருந்தது, 33 பேரையும் இந்த முறை கண்டுபிடித்தது. நோய் இருந்த 63 முடிச்சுகளில் 45, அளவை வைத்துப் பார்த்தால் சாதாரணமானவை என்று விட்டுவிடக்கூடியவை! சரி, அடுத்த வருடமே எல்லா ஊருக்கும் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு, எல்லாப் புற்றுகளுக்கும் பொதுவாக அனுமதிக்கச் சான்று போதாது என்றது. 2007 கடைசியில் ஐரோப்பாவிலும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கல்லீரல் கட்டிகளைப் பார்க்க 1996-லேயே அனுமதி பெற்றிருந்த இதன் அண்ணன் மருந்தும், வாங்குவோர் குறைந்து சில வருடங்களில் கடையைக் கட்டிற்று. குழுவின் கேள்விகள் நியாயமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மருந்து தோற்பது வேறு, பதில் தேட ஆளும் பணமும் இல்லாமல் அலமாரியில் கிடப்பது வேறு. நைமேகன் மருத்துவர்கள் மட்டும் விடாமல் பிறகும் அதை உயிரோடு வைத்திருந்தார்கள்.

அதே நிறுவனம் 2009-ல் இதே குடும்பத்து இரும்புத் துகளைச் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு ஊசியாக விற்க அனுமதி பெற்றது. நம் சித்த வைத்தியர்கள் அயக்காந்தச் செந்தூரத்தைச் சோகைக்குத்தான் கொடுப்பார்கள் என்பது நினைவுக்கு வந்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சூட்டு வைத்தியம் என்ன ஆயிற்று? அதை எழுப்பியவர் பெர்லினின் ஆந்திரியாஸ் யோர்டான். ஷாரிட்டே மருத்துவமனையில் 1990களின் தொடக்கத்தில், கில்கிறிஸ்டின் பருந்தூளைவிட மிக நுண்ணிய துகள்களும் திரவமாக இருந்தால் நன்றாகச் சூடாகும் என்று காட்டினார். மனிதர் படுக்கும் அளவுக்கு ஒரு கருவி, வினாடிக்கு 1 லட்சம் முறை திசை மாறும் புலம். முதலில் புராஸ்டேட்டில் சோதனை, பிறகு மூளையில். கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி மிகக் கொடியது. வெட்டினாலும் திரும்ப வளரும், திரும்ப வளர்ந்தால் மாதக்கணக்குத்தான். மண்டையில் சிறு துளையிட்டு, சுமார் 12 நானோமீட்டர் துகள்கள் கொண்ட திரவத்தை ஊசியால் கட்டிக்குள்ளேயே பல இடங்களில் செலுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்று 6 முறை சூடு, கூடவே கதிர்வீச்சு.

நடைமுறையில் எத்தனை சிக்கல் பாருங்கள். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதுவும் சூடாகிவிடும், ஆகவே முதலில் பல் வைத்தியரிடம் போய் அதை எடுத்துவிட்டு வர வேண்டும். உள்ளே போன இரும்பு எம்.ஆர்.ஐ. படத்தைக் கறுப்பாக்கிவிடும் என்பதால், கட்டி திரும்ப வளர்கிறதா என்று பிறகு சி.டி. ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணைக் கொடுத்து ஒரு கையை வாங்கிய கதை.

கட்டி திரும்ப வளர்ந்த 59 பேரின் முடிவு 2011-ல் வந்தது. வளர்ந்தது தெரிந்த நாளிலிருந்து பாதிப் பேர் 13.4 மாதங்களுக்கு மேல் இருந்தார்கள். பழைய சிகிச்சைக் கணக்குகளில் இது 6.2 மாதம். இரண்டு மடங்கு! ஆனால் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட சோதனை அல்ல அது. பழைய கணக்கோடு புதிய ஆட்களை ஒப்பிட்டதுதான். அப்படி ஒப்பிட்டால் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்ற கேள்வி எப்போதும் நிற்கும். ஐரோப்பிய அனுமதி 2010-லேயே கிடைத்திருந்தும் சிகிச்சை பரவவில்லை. கருவிக்கு விலை அதிகம், நோயாளிகள் குறைவு. யோர்டானின் ஆய்விலிருந்து பிறந்த அந்த நிறுவனம் 2022-ல் திவால் மனு கொடுத்தது. சிகாகோ நாய்களிலிருந்து கணக்கிட்டால் 65 வருடம்.

சத்தமில்லாமல் நிலைத்தது வேறொன்று. 1990களின் முற்பகுதியில், மார்பிலிருந்து நிணநீர் அக்குளுக்குப் போகும்போது முதலில் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சிலர் சோதித்தார்கள். முதல் முடிச்சு சுத்தம் என்றால் பின்னால் உள்ளவையும் பெரும்பாலும் சுத்தம், அவற்றைத் தொட வேண்டாம். ஊருக்குள் நுழைபவர் முதலில் வாசல் காவல்காரரைத்தானே தாண்ட வேண்டும்? அதனால் அதற்குக் காவல் முடிச்சு என்றே பெயர். 1993-ல் கதிரியக்கப் பொருளை வைத்தும் 1994-ல் நீலச் சாயத்தை வைத்தும் மார்புப் புற்றில் செய்து காட்டினார்கள். ஆம், அக்காவுக்கு அறுவை நடந்த அதே 1994.

நீலச் சாயத்துக்குப் பழகிய கை வேண்டும். கதிரியக்கப் பொருளோ 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரித்துக் கையாள அணு மருத்துவப் பிரிவு வேண்டும், அது பெரிய நகரத்தில்தான் இருக்கும். இங்கேதான் இரும்புத் துகள் வந்து நின்றது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி இயற்பியலாளர் குவென்டின் பேங்க்ஹர்ஸ்டும் அவர் கூட்டாளிகளும், பேனா போலக் கையில் பிடிக்கும் ஒரு காந்த உணர்கருவி செய்தார்கள். மார்பில் இரும்புத் துகள் திரவத்தை ஊசி போட்டால் அது நிணநீரோடு நடந்து காவல் முடிச்சில் தங்கும். அறுவையின்போது கருவி 'கீ' என்று கத்தும் இடத்தில் முடிச்சு இருக்கும், பழுப்பு நிறமாகக் கண்ணுக்கும் தெரியும். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 160 பெண்களிடம் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். பழைய முறை 95.0 சதவீதம் பேரிடம் முடிச்சைக் கண்டுபிடித்தது, காந்த முறை 94.4 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 2018-ல் அமெரிக்காவும் அனுமதித்தது. குறைகளும் உண்டு. எஃகுக் கருவிகள் பக்கத்தில் வந்தால் உணர்கருவி குழம்பும், பிளாஸ்டிக் கருவிகள் வேண்டும். தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் இருக்கும். அங்கே தங்கிய இரும்பு பிற்பாடு எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுக்கும்.

போன வாரம் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கையை உயர்த்தித் தலையணைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த இரும்பு உள்ளேயே தங்கிடுமாடா?"

"மெதுவாக் கரைஞ்சு ரத்தத்துல சேர்ந்துடும்க்கா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு எடுத்தாங்களே பதினேழு, அதுல காவல்காரன் எதுன்னு யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?" என்றாள்.

"தெரிஞ்சிருக்காது."

"சரி" என்று எழுந்து, இறுக்கமான அந்தக் கையுறையை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, காபி போட உள்ளே போனாள்.